சமுத்திர வலம்

படித்தவன் வழி கேட்க மாட்டான். அதனால்தான் அதிகம் நடக்கிறான். நான் திருவண்ணாமலையில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் கல்கத்தாவைத் தொடுவேன். (ஒரு தடவை காலாலேயே தொடப் பார்த்தேன். அந்த அவமானம்தான் இது.)

எழுபதுகளின் கடைசி. புதுக் கல்யாணம். என் மனைவி கமலா போளூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், சமுத்திரம் பார்த்ததில்லை. மெரினாவில் புதிதாகக் கட்டிய லைட் ஹவுஸ் மேலே ஏறலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கரையில் நின்றால் ஓரம்தான் தெரியும், மேலே போனால்தான் முழுசும் தெரியும் என்பது அவள் கட்சி. ஒருநாள் பயணமாகப் பட்டணம் கிளம்பினோம். கரும்பு வெட்டு முடிந்து சும்மா இருந்த மாமனாரும் புளிச்சோற்றுத் தூக்கோடு சேர்ந்துகொண்டார்.

மேலே விட இன்னும் அரை மணி ஆகும், அதுவும் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் என்றார் வாசலில் இருந்தவர். உட்கார்ந்திருக்கலாம் என்றாள் கமலா. எனக்குப் பட்டணம் தண்ணீர்பட்ட பாடு என்று வழியெல்லாம் பீற்றியிருந்தேன். (அதற்குமுன் வந்தது ஒரே தடவை, பரீட்சை எழுத.) ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று அவளைக் கிளப்பினேன். மாமனார் தூக்கோடு அங்கேயே உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்க்காரனின் கால் வேறு மாதிரி பழகியது. மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். பாதியில் திரும்புவது வழக்கமில்லை. அன்று வலக்கைப் பக்கம் கடல் இருந்தது. கால் கிளம்பிவிட்டது. புத்தி கூடவே போயிற்று.

சிலைகளைத் தாண்டினோம். சுண்டல்காரர்களையும் பலூன் சுடுபவர்களையும் தாண்டினோம். கமலா நின்றாள்.

"என்னங்க, திரும்பிடலாம். நேரமாவுது."

"பாதியில திரும்பக் கூடாது. கொஞ்ச தூரத்துல வந்துடும்."

"எது வரும்?"

நான் நடையை எட்டிப்போட்டேன். பாலம் வந்தது. அப்புறம் துறைமுகச் சுவர் வந்து கடலையே மறைத்தது. நான் அசரவில்லை, சுவரை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டேன். ராயபுரத்தை நெருங்கும்போது வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"லைட் அவுஸா? அது உன் முதுகாண்ட கீது சார்."

கமலா என்னைப் பார்த்தாள். "ஏங்க, மலைன்னா சுத்தி வரலாம். சமுத்திரத்தை எப்படிங்க சுத்தறது?"

அப்போதுதான் எனக்குள் இருந்த பூகோள வாத்தியார் கண் விழித்தார். விசாகப்பட்டினம், கல்கத்தா, ரங்கூன் என்று வரைபடம் வரிசையாக விரிந்தது. இரவு சாப்பாட்டுக்குள் திரும்புவது சிரமம் என்று பட்டது.

பஸ் பிடித்துத் திரும்பியபோது வாசலைப் பூட்டிவிட்டார்கள். மாமனார் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் காணாமல், முதல் கும்பலோடு அவர் மேலே போய்விட்டு வந்திருக்கிறார்.

"மேலேர்ந்து பாத்தேன் மாப்ள. நம்ம கமலாவோட கிளிப்பச்சைப் பொடவை வடக்கால போய்க்கினே இருந்துது. கூப்ட்டேன், காதுல வுழல."

கமலா, மேலே எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஜாஸ்தி ஒண்ணும் இல்லம்மா. தண்ணிதான்."

ராத்திரி பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். இறங்கும்போது, அடுத்த வருஷம் கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே ரிடையர் ஆகிவிட்டேன்.

இன்றும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் பென்ஷன் வேலையாகப் போய் நான் தாமதமானால், சமுத்திரத்தைச் சுற்றப் போய்விட்டேனா என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தக் கதை காபியோடு சேர்த்துக் கிடைக்கும். கடைசி வரியை மட்டும் கமலாதான் சொல்வாள்.

"அவரு இன்னும் அந்தச் சுத்தை முடிக்கலிங்க. முடிச்சதும் மேல ஏறிடுவோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த இடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.