வயருக்கு ஒரு நிமிட மௌனம்

மௌன அஞ்சலி ஆரம்பித்து இருபது விநாடிகூட ஆகவில்லை, மெத்தை விளம்பரம் பாட ஆரம்பித்துவிட்டது.

"படு படு படுத்துக்கோ, பஞ்சு மெத்தை வாங்கிக்கோ! கவலையெல்லாம் விட்டுடு, காலை நீட்டிப் படுத்திடு!"

தலை குனிந்து நின்றிருந்த மைக் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தார். பாடுவது வயர். அதாவது, யாருக்காக அஞ்சலியோ அவனேதான்.

மைக் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். சைக்கிள் கடை மாடியில், எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒற்றை அறையில் ஓடும் இணைய வானொலிக்கு அவர்தான் அறிவிப்பாளர். சினிமாப் பாட்டுக்கு அங்கே இடமே கிடையாது. இந்த நகரத்துக்காரர்கள் எழுதி, இந்த நகரத்துக்காரர்கள் பாடினால் மட்டும்தான் போடுவார்கள். பஸ் டிரைவர் கட்டிய மெட்டு, பல் டாக்டரின் கிடார், மூன்று கணக்கு வாத்தியார்கள் சேர்ந்து போடும் காட்டுக்கத்தல் என்று வேறு எவனும் சீண்டாததெல்லாம் அங்கே ராஜ மரியாதையோடு ஒலிபரப்பாகும்.

வானொலியின் மொத்த ஊழியர்களும் இரண்டே பேர். பேச்செல்லாம் மைக், மெஷினெல்லாம் வயர். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். ஒருவரையொருவர் திட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. ஆஸ்பத்திரியில் அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும், "எந்திரிச்சு வாடா சோம்பேறி, வேலைக்குப் பயந்து படுத்துக் கிடக்கியா?" என்றுதான் மைக் பேசினார். வயர் சத்தம் வராமல் சிரித்தான். நேற்று போய்விட்டான்.

இன்று அவன் வீட்டில் பாட்டுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மைக் மட்டும் போகவில்லை.

"நீங்க ரேடியோவை விட்டுட்டு வராதீங்கண்ணா. அது நின்னா அவருக்குப் பிடிக்காது. அங்கேருந்தே ஒரு நிமிஷம் மௌனமா இருங்க. நாங்க இங்க ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறோம்" என்று வயரின் மனைவி சொல்லியிருந்தாள்.

மௌனத்தை எதற்கு ஸ்பீக்கரில் போடுவது என்று கேட்கிற நிலையில் மைக் இல்லை. கூட நின்று வழியனுப்பத்தான் கொடுத்துவைக்கவில்லை, இந்த ஒரு நிமிடத்தையாவது அவனுக்குக் கௌரவமாகச் செய்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

மெத்தை ஏன் குறுக்கே வந்தது என்பது புரிந்தது. வானொலியில் சத்தம் நின்றால் கேட்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். அதனால், கொஞ்ச நேரம் சத்தமே இல்லையென்றால் கம்ப்யூட்டர் தானாக எதையாவது எடுத்துவிடும்படி வயர் செய்து வைத்திருந்தான். ஆனால் அவன் அதற்கு வைத்திருந்தது அழகான புல்லாங்குழல் இசை ஆயிற்றே! பிழைப்பில்லாத காலத்தில் வயர் மெத்தைக் கடைக்குப் பாடிக் கொடுத்த இந்த அசிங்கத்தை ஒலிபரப்பவே கூடாது என்று மைக் ஒற்றைக் காலில் நின்றவர். அது எப்படி உள்ளே வந்தது?

"நேயர்களே, மன்னிக்கணும், சின்ன கோளாறு" என்று ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார். சத்தம் கேட்டதும் மெத்தை அடங்கியது. "மறுபடியும் ஒரு நிமிட மௌனம்."

மறுபடியும் மெத்தை.

"டேய், போறவன் ஒழுங்கா வச்சுட்டுப் போகக் கூடாதா?" என்று வயரின் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல்.

"சார், அந்த மெத்தைப் பாட்டு விஷயமா..."

"தெரியும்மா, தப்பா வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க!" டொக்கென்று வைத்துவிட்டார்.

மைக்கின் மூளை வேலை செய்தது. கம்ப்யூட்டருக்குத் தேவை ஏதோ ஒரு சின்னச் சத்தம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போயிற்று, தெருவின் இரைச்சல் லேசாக வந்துகொண்டிருக்கும். அதுவும் மௌனம் மாதிரிதானே. ஜன்னலைத் திறந்தார், தலை குனிந்தார். கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரரின் குரல் கணீரென்று ஏறி, நேராக ஒலிபரப்பானது.

"யோவ், காத்து போயிடுச்சுன்னா போயிடுச்சுதான்! எத்தனை வாட்டி ஒட்டறது? இது தேறாதுய்யா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு!"

மைக் ஜன்னலை அறைந்து சாத்தினார். அந்த வீட்டில், அந்தப் பெண்பிள்ளை காதில், இது விழுந்திருக்கும். அவருக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுபடி போன். அதே நம்பர்.

"சார், நான் ஆஸ்பத்திரிலேருந்து..."

"நானே அங்க வந்து படுக்கற நிலைமைலதாம்மா இருக்கேன், அப்புறம் பேசுங்க!"

இனி ஒரே வழி, கம்ப்யூட்டருக்குள் புகுந்து அந்த மெத்தையையே பிடுங்கி எறிவது. கடவுச்சொல் கேட்டது. வயரின் மனைவி பெயரை அடித்தார். இல்லை. வானொலியின் பெயரை அடித்தார். அதுவும் இல்லை. ஆத்திரத்தில் வயரை வழக்கமாகத் திட்டும் வார்த்தையை அடித்தார். திரை சிவந்தது. கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தைப் பாட்டை விடாமல் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தது. ஒலிவாங்கியைத் தட்டினார், பேசினார், கத்தினார். ஒன்றும் வெளியே போகவில்லை.

"பாவி! உசிரோட இருந்தப்பவும் நிம்மதி குடுக்கல, செத்தும் குடுக்க மாட்டியா? மடப்பயலே! ஒரு புல்லாங்குழலைக் காப்பாத்தத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு இன்ஜினியரு!"

இந்த முறை போனில் வந்தது மெட்டுக் கட்டுகிற அந்த பஸ் டிரைவர். வயர் வீட்டிலிருந்து பேசினார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கேக்காதீங்க. அங்க என்ன நிலவரம்? தங்கச்சி அழறாளா?"

"மொதல்ல அழுதாங்க. சைக்கிள் கடைக்காரர் பேசினாரு பாருங்க, அப்ப ஒரு மாதிரி ஆயிட்டாங்க."

"அய்யய்யோ!"

"இப்ப எல்லாரும் கூடப் பாடிட்டு இருக்கோம். பல் டாக்டர் கிடார் எடுத்துட்டாரு. உங்க தங்கச்சிதான் 'காலை நீட்டிப் படுத்திடு'ன்னு எல்லாரையும் விட சத்தமா பாடுது. பாடிக்கிட்டே அழுவுது."

மைக் போனை வைத்துவிட்டு வயரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எல்லாம் நாசமாகிவிட்டது. சாவு வீட்டைக் கூத்தாக்கியாயிற்று. ஆயிரம் பேருக்கு மேடை போட்டுக் கொடுத்தவனுக்கு ஒரே ஒரு நிமிடம் வாங்கித்தர இவருக்கு வக்கில்லை. நாற்காலியின் முதுகில் அவனுடைய பழைய கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்டா. ஒரே ஒரு நிமிஷம் உனக்காகச் சும்மா இருக்கேங்கறேன். அதுக்குக்கூட விட மாட்டேங்கறியேடா, தடியா."

போன் அடித்தது. அந்த நம்பரேதான். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகிக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா. திட்டறதானா நல்லாத் திட்டுங்க. புல்லாங்குழலை எடுத்துட்டு இந்தக் கண்றாவியை எவன் வச்சான்னு எனக்கும் தெரியல."

"திட்டறதுக்கு இல்ல சார். நான் உங்க ஃபிரெண்டைப் பார்த்துக்கிட்ட நர்ஸு" என்றது அந்தக் குரல். "கை நடுங்கும், அவரால லாப்டாப்பைப் பிடிக்க முடியாது. நான்தான் பிடிச்சுக்கிட்டேன், அவரேதான் பாட்டை மாத்தினாரு. எதுக்கு சார் இப்பன்னு கேட்டேன். 'நான் போனதும் என் கூட்டாளி எனக்காக மௌனமா நிப்பான் சிஸ்டர், நின்னா ஒடைஞ்சு போயிடுவான். என்னைத் திட்டிக்கிட்டே இருந்தான்னா தாங்கிடுவான்'னு சொன்னாரு."