பட்டறை பாண்டுவுக்குக் கண்ணீர் அஞ்சலி

தன் வருங்கால மாமனார் செத்துப்போன சேதியை எழிலன் செஞ்சி பேருந்து நிலையச் சுவரில்தான் படித்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேதியை எழுதியவனே அவன்தான்.

'வடசென்னையின் விடிவெள்ளி, ஏழைகளின் ஏ.டி.எம்., அண்ணன் பட்டறை பாண்டு மறைந்தார். கண்ணீருடன், ஏரியா பசங்க.' எழுத்துகளுக்கு மேலே, முறுக்கிய மீசையும் கூலிங்கிளாஸுமாக மாமனார் பாண்டுரங்கன் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ அதற்குள் சுவர் விரிசலில் இரண்டு ஊதுபத்தி வேறு செருகியிருந்தார்கள்.

"பாவம்பா," என்றார் டீக்கடைக்காரர். "இருவத்தெட்டு வருசம் அவலூர்பேட்டை வண்டியில கண்டக்டரு. கெயவிங்கள கைய புடிச்சி ஏத்தி வுடுவாரு."

"அண்ணே, அது சினிமா போஸ்டர்ணே!"

"வாழ்க்கையே சினிமாதான் தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றத் தொடங்கினார்.

எழிலன் பகலில் இ-சேவை மையத்தில் ஊருக்கெல்லாம் பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பவன். மற்ற நேரத்தில் அவன் எம்.சி. கரண்ட். ராப் பாடுவான். பாட்டு முழுக்க வெட்டு, குத்து, குடிசை, கூவம். மெட்ராஸுக்கு அவன் இதுவரை மூன்று முறை போயிருக்கிறான், அதில் இரண்டு முறை கண் ஆஸ்பத்திரிக்கு. இருந்தாலும் வடசென்னை ரவுடிகளின் ரத்த சரித்திரத்தைத் தானே எழுதி, தானே பாடி, தானே நடித்துப் படமாக எடுத்தே தீருவது என்று ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நின்றான்.

செஞ்சியில் வடசென்னையைப் படம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் ராஜகிரிக் கோட்டை மலை, அந்தப் பக்கம் திருப்பினால் கிருஷ்ணகிரி, இரண்டுக்கும் தப்பித்தால் சந்திரகிரி. கடைசியில், மலையே தெரியாத ஒரே இடமாக ரைஸ்மில்லின் பின்சுவர் கிடைத்தது. காதல், கொலை, கோர்ட் எல்லாமே அந்தச் சுவரின் முன்னால்தான் நடந்தன.

தாதா வேடத்துக்குப் பாண்டுரங்கனைப் போட்டது எழிலனின் ராஜதந்திரம். ஷோபனாவைப் பெண் கேட்டபோது, "ராப்பு கீப்புன்னு திரியிறவனுக்கு எம்பொண்ணு கெடையாது" என்று சொன்ன மனிதர், கூலிங்கிளாஸை மாட்டிவிட்டதும் குளிர்ந்துபோனார். ஆடி முடிந்ததும் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. தாதா சாகும் காட்சிக்காகத்தான் இந்தப் போஸ்டர். அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். "மில்லுச் சொவுத்துல பத்து ஒட்டு, மீதிய வெச்சிரு" என்று போஸ்டர் ஒட்டும் விநாயகத்திடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். விநாயகம் பழக்க தோஷத்தில் ஊர் முழுக்க ஒட்டிவிட்டான் போலிருக்கிறது. போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

ஷோபனா கூப்பிட்டாள்.

"எழில், இன்னா பண்ணி வெச்சிருக்க நீ? தெருவே வந்து வாசல்ல நிக்குது! அம்மா பத்திரிக வெக்க வல்லம் போயிருக்குது. பதினோரு மணிக்கு வந்துடும். புருசன் போஸ்டர பார்த்துதுன்னா இந்தக் கல்யாணமே நடக்காது, சொல்லிட்டேன்."

"மாமா இன்னா சொல்றாரு?"

"நைனா ஒண்ணும் சொல்லல. ஷேவிங் பண்ணிக்கினு இருக்குது."

மணி எட்டரை. எழிலன் முதல் காரியமாகப் போஸ்டரைக் கிழித்தான். இரண்டாவது போஸ்டரைக் கிழிக்கும்போது பூக்காரம்மா ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"டேய், செத்த மனுசன் மேல இன்னாடா கோவம் உனக்கு?"

"அவரு சாவலக்கா!"

"ஆமாடா. நல்லவங்களுக்கு ஏது சாவு," என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிழித்துத் தீராது என்று தெரிந்தது. மைக் செட் ஆட்டோ வைத்திருக்கும் தங்கராசுவிடம் ஓடினான். தெருத்தெருவாக அறிவித்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. தங்கராசு நல்ல மனிதர், தொண்டை கணீரென்று இருக்கும். ஆனால் பத்து வருடமாக அவர் சாவுக்கு மட்டுமே அறிவித்துப் பழகியவர். முதலில் அந்தச் சோக நாதஸ்வரம் ஓடியது. பிறகு அவர் குரல் தானாகவே தழுதழுத்தது.

"பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஓய்வுபெற்ற நடத்துநர் உயர்திரு பாண்டுரங்கன் அவர்கள் இன்று காலை..."

அதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. '...நலமாக உள்ளார்' என்பது அந்தத் தெருவுக்குத்தான் கேட்டது. யார் நலமாக இருக்கிறார் என்று தெரியாமல் அவர்கள் விசாரிக்க வர, முதல் தெருக்காரர்கள் விவரம் சொல்லி அவர்களையும் கூட்டிக்கொண்டு பாண்டுரங்கன் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

எழிலன் அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். பாண்டுரங்கன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், நெற்றியில் பட்டையாகத் திருநீறுடன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ரோஜா மாலை.

"இன்னா மாமா, நீங்களே மாலைய போட்டுக்கினு?"

"டிப்போவுலேர்ந்து ஆசையா வாங்கியாந்தாங்கப்பா. வேஸ்ட் பண்ணலாமா?"

எழிலனுக்கு அப்போதுதான் மூன்றாவது யோசனை உதித்தது. மாமா உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

"கொஞ்சம் சிரிங்க மாமா."

பாண்டுரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழிலன் படத்தை எடுத்து, சரியாகப் பார்க்காமல், 'நம்ம மாமா' என்று எழுதி அவனிடம் இருந்த பதினேழு குரூப்பிலும் தட்டிவிட்டான். பிறகுதான் பார்த்தான். மாமா கண்ணை மூடியிருந்தார். அந்தப் பக்கத்தில் சில குடும்பங்களில் இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைப்பது வழக்கம்.

கும்பிடு பொம்மைகள் மழையாகக் கொட்டின. 'முகம் அப்படியே உயிரோட இருக்குற மாதிரியே இருக்குது' என்று ஒருவர் போட்டிருந்தார். 'எப்ப எடுக்குறாங்க?' என்று இன்னொருவர். பந்தல்காரர் கேட்காமலே கம்பு இறக்கினார். மேளக்காரர்கள் மினி வேனில் வந்து இறங்கி, எங்கே உட்காருவது என்று எழிலனிடமே கேட்டார்கள். அவன் மாப்பிள்ளை முறை என்பதால் அவனிடம் கேட்பதுதான் சரி.

பத்தேமுக்காலுக்கு ஒரு பைக் வாசலில் வந்து சாய்ந்தது. வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, சித்தப்பா!" என்றாள் ஷோபனா.

பாண்டுரங்கனின் ஒரே தம்பி ராஜாங்கம், அவலூர்பேட்டைக்காரர். பங்குக் கிணற்றில் அண்ணன் முறை நாளில் தம்பி மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டதில் அண்ணனின் மல்லாட்டைப் பயிர் காய்ந்துபோனது. அதோடு பேச்சும் காய்ந்துபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ராஜாங்கம் வந்து நிற்காமல் எம்மவ கழுத்துல தாலி ஏறாது என்று ஷோபனாவின் அம்மா வள்ளியம்மாள் அழாத நாளில்லை. எவன் போய் அவனைக் கூப்பிடுவான் என்று பாண்டுரங்கன் கத்தாத நாளும் இல்லை.

ராஜாங்கம், கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"அண்ணா! ஒரு வார்த்த பேசாம போயிட்டியேண்ணா! தப்பு எம்மேலதாண்ணா. மோட்டார போட்டது நான்தான். உன் முற நாளுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்!"

பாண்டுரங்கன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இத இன்னொரு தபா சத்தமா சொல்லு. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

ராஜாங்கம் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். மேளக்காரர்களில் இரண்டு பேர் வேனில் ஏறிவிட்டார்கள். அப்புறம் தம்பி எழுந்து அண்ணனை ஓங்கி ஓர் அடி அடித்தார், உடனே கட்டிக்கொண்டு அழுதார். பாண்டுரங்கனும் அழுதார். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது என்று எழிலன் மூச்சு விட்ட நேரத்தில், பத்திரிகைப் பையோடு வள்ளியம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

பந்தலையும் மேளத்தையும் பார்த்தாள். மாலையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். ஓர் ஆள் ஆதாரமாக நீட்டிய போஸ்டரையும் பார்த்தாள்.

"யாரு பண்ண வேல இது?"

கூட்டம் மொத்தமும் எழிலனைப் பார்த்தது. இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த ராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காலரைப் பிடித்தார்.

"அத்த, இது படத்துக்கு அடிச்சது. வெளிய ஒட்டச் சொல்லி நான் சொல்லவே இல்ல அத்த. அந்த விநாயகம்தான்..."

"வாய மூடு. தாலி ஏறுறதுக்கு முன்னாடியே மாமனாருக்குச் சாவு மாலை போட்ட மாப்ள எங்களுக்கு வாணாம். பத்திரிக வெச்ச வூட்டுக்கெல்லாம் நானே போயி சொல்லிக்கிறேன்."

"அம்மா!" என்றாள் ஷோபனா. அவள் அழுவதை எழிலன் முதல்முறையாகப் பார்த்தான். இத்தனை கொலை எழுதியவனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "படமே வாணாம் அத்த," என்றான். "எல்லாத்தயும் அழிச்சிடறேன். ஷோபனாவ மட்டும் இல்லன்னு சொல்லிடாதீங்க." சொன்னதோடு நிற்காமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் விட்டான்.

விழுந்தபடியே மாமனாரைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். பாண்டுரங்கன் மாலையை மெதுவாகக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இருந்தாலும் புள்ள பண்ணது தப்புதான்," என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. முழங்கை வரை பசை காய்ந்திருந்த விநாயகம், கூட்டம் எதற்கு என்று புரியாமல், எட்டிப் பார்த்துப் பாண்டுரங்கனைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, நீங்க சொன்னாமாதிரியே அவலூர்பேட்டையில உங்க தம்பி வூட்டுக்கு நேர் எதிர் சொவுத்துல நாலு ஒட்டிட்டேன். அவுரு இன்னும் பார்க்கலன்னா சொல்லுங்க, சாயங்காலம் போயி கதவுலயே ஒட்டிட்டு வந்துடறேன்!"