ஏரிக்குத் தண்ணீர் சுமந்தவன்

சித்திரை மாதத்தில் எந்த நீர்நிலையையும் நம்பக் கூடாது என்பது எங்கள் அருப்புக்கோட்டையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்குள் ஆடு மேயும். மல்லாங்கிணற்றுக்கு நடந்து போகிறவன் கண்மாய்க்குள் இறங்கித்தான் குறுக்கே போவான், கால் நனையாது. அப்படிப்பட்ட சீமையில் பிறந்ததுதான் நான் செய்த கோமாளித்தனத்துக்குக் காரணம் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

யுத்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை. ஆறு, ஏரி, வளைகுடா எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து பூகோளம் நடத்துவேன். (ஒன்றையாவது நேரில் பார்த்தது கிடையாது.) அதே பள்ளியில் எஸ்தர் என்று ஒரு டீச்சர் இருந்தார். அவருடைய அண்ணன் கொடைக்கானலில் ஒரு துரை வீட்டில் சமையல்காரர். கோடை விடுமுறைக்கு முந்தின நாள் எஸ்தர் டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"அண்ணன் எழுதியிருக்காக சார். அங்க காட்டுக்குள்ள ஒரு ஏரி இருக்காம். சித்திரையிலயும் தளும்பிக்கிட்டு நிக்குமாம்."

"சும்மா அளக்குறாக டீச்சர். சித்திரையில எந்த ஏரியில தண்ணி நிக்கும்?"

"போய்ப் பாத்துட்டுப் பேசுங்க சார்."

"போறேன். தனியாப் போறேன். ஒரு ராத்திரி அந்தக் கரையிலயே படுத்து எந்திரிச்சு வாரேன்."

முதல் வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எஸ்தர் டீச்சரை எனக்குப் பெண் கேட்கலாமா என்று அப்போது எங்கள் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

மூட்டை கட்டினேன். வெயிலுக்குப் பனையோலை விசிறி. வெக்கை தாக்காமல் இருக்கச் சின்ன வெங்காயம். கட்டுச்சோறு. மாற்று வேட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி, அதில் முக்கால் அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர். ஏரி வற்றிக் கிடந்தால் குடிக்க வேண்டாமா? முதுகில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கட்டினேன்.

அம்மா மட்டும், "மலையில குளிரும்னு சொல்றாகளேய்யா, ஒரு போர்வைய எடுத்துக்கோ" என்றாள்.

"சித்திரையில போர்வையா? பாக்குறவுக சிரிப்பாகம்மா" என்றேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. மலைப்பாதையில் ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் எங்களை இறக்கி நடக்கவிட்டார்கள். நான் டின்னோடு இறங்கி, டின்னோடு நடந்து, டின்னோடு ஏறினேன். "வச்சுட்டு இறங்குங்க, யாரும் திங்க மாட்டாக" என்றார் கண்டக்டர். நான் கேட்கவில்லை.

கொடைக்கானலில் இறங்கி, காட்டுக்குள் ஆறேழு மைல் நடை. வழியில் நான்கு ஓடைகளைத் தாண்டினேன். நான்கிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. 'ஓடையில் ஓடுவது சரி, ஏரியில் இருக்க வேண்டுமே' என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். தோளில் கயிறு அறுத்தது. ஆனாலும் கொட்டவில்லை. தண்ணீரைத் தரையில் கொட்ட எங்கள் ஊர்க்காரனுக்குக் கை வராது.

சாயங்காலம் மரங்கள் விலகின. ஏரி தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் யாரோ பணப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனது போல எனக்குப் பதறியது.

பின்னாலிருந்து ஒரு குரல். காட்டுக் காவலர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கையில் தடியோடு நின்றார்.

"டின்னுல என்னய்யா?"

"தண்ணி."

அவர் ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏரிக்கா தண்ணி கொண்டாந்த? சாராயந்தான? எறக்கு!"

சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி 'தூ' என்று துப்பினார்.

"ஏய், என்ன மருந்துய்யா இது? இப்படிக் கரிக்குது!"

"அது எங்க ஊர்க் குடிதண்ணிங்க."

அவர் முகத்தில் இருந்த சந்தேகம் முழுக்கப் போய்விட்டது. அந்த இடத்தில் வந்த பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை. "ராத்திரி நம்ம குடிசைக்கு வந்துரு தம்பி, தாங்க மாட்ட" என்றார். நான் விறைப்பாக, "இங்கயே படுத்துக்கிடுவேன்" என்றேன்.

இருட்டும் வரை விறைப்பு இருந்தது. பிறகு வேட்டியைப் போர்த்தினேன். மாற்று வேட்டியையும் போர்த்தினேன். துண்டைத் தலையில் கட்டினேன். விசிறியை நெஞ்சோடு சட்டைக்குள் செருகிக்கொண்டேன். வெங்காயத்தைக் கடித்தேன், உடம்பு சூடாகும் என்று யாரோ சொன்ன ஞாபகம். (அது குளிர்ச்சி தரும் என்பதற்காகத்தான் கொண்டு போயிருந்தேன்.) பல் தாளம் போட ஆரம்பித்ததும் மானத்தை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டுக் குடிசையைப் பார்த்து ஓடினேன். காவலர் கதவைத் திறந்துவிட்டார். நாய் படுத்திருந்த சாக்கை உருவி என் மேல் போட்டு, நெருப்புப் பக்கம் தள்ளிவிட்டார். நாய் விடியும்வரை என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

காலையில் ஊர்த்தண்ணீரை ஒரு மரத்தின் வேருக்கு ஊற்றிவிட்டு, டின் நிறைய ஏரித்தண்ணீரை மொண்டுகொண்டேன். எஸ்தர் டீச்சர் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். திரும்பி வரும்போதும் அதே கரி பஸ், தோளில் அதே டின். ஊர் வந்து சேர்ந்தபோது எனக்கு நல்ல காய்ச்சல். டின்னை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன்தான்.

கண் விழித்ததும் கேட்டேன். "அம்மா, டின்னு?"

"பழைய தண்ணி கெடந்துச்சு. எருமைக்குக் காட்டிட்டேன். ஏன்யா, என்னைக்கும் இல்லாம அப்படி உறிஞ்சிக் குடிச்சிச்சு?"

ஏரியில் தண்ணீர் இருந்ததற்கு உலகத்திலேயே இருந்த ஒரே சாட்சி எங்கள் எருமை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலுக்குப் போனேன். எஸ்தர் டீச்சர் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையிலேயே உட்கார்ந்திருந்தேன். போதகர் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. ஒன்று இரண்டல்ல, பதினொன்று. எட்டாவது தும்மலில் ஐயர் ஜெபத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்து பார்த்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளியே வேப்பமரத்தில் இலை அசையவில்லை. எல்லாருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்:

"நம்மூர்ல சித்திரை வெயில்ல ஒருத்தருக்கு நீர்க்கோவை பிடிச்சு நான் பாத்ததில்ல. நீங்க நெசமாவே போயிருக்கீக சார்."

ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மகனோ மருமகளோ பேரப்பிள்ளைகளோ யார் தும்மினாலும் 'நூறு வயசு' என்று வாழ்த்துகிற வழக்கம் இல்லை. அடுக்களையிலிருந்து எஸ்தரின் குரல்தான் வரும்:

"எந்த ஏரிக்குப் போயிட்டு வாறீக?"