பதினோராவது பொருத்தம்

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை. சக்கரம் இரண்டாவது. மூன்றாவதை எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவில் நாங்கள் கண்டுபிடித்தோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் போதாது, பதினோராவதாக ஆக்ஸிஜன் பொருத்தமும் பார்க்க வேண்டும் என்பதே அது.

கண்டுபிடித்தது எங்கள் 'பிராணவாயு நல்வாழ்வுக் கழகம்'. தலைவர் தங்கராஜு ஐயா. செயலாளர், ராமையாவாகிய அடியேன். கொரோனா காலத்தில் ஆளாளுக்கு வாங்கி, பிறகு அலமாரியில் போட்டுவிட்ட அந்த விரல் கவ்வும் கருவிதான் எங்கள் ஆயுதம். விரலை நுழைத்தால் ரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஆக்ஸிஜன் என்று சிவப்பு எண்ணில் காட்டிவிடும். தொண்ணூற்றைந்துக்கு மேல் 'உத்தமம்'. தொண்ணூறுக்குக் கீழே 'பொருத்தமில்லை'. இடையில் வந்தால் பரிகாரம் உண்டு. மூச்சுப் பயிற்சி, எங்களிடமே.

தலைவர் ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடிப்பவர். ஆனால் அவருடைய எண் எப்போதும் 99!

"உள்ள இழு, நிப்பாட்டு, வெளிய விடு. இதுவும் பிராணாயாமந்தான்லா" என்பார். நானும் அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட்டேன்.

போன மாதம் அவர் தம்பி மகன் யுவனேஸ்வரனுக்கு நிச்சயதார்த்தம். பெண் தேவிஸ்ரீ, சுங்கை ரம்பாய்க்காரி. செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருவரும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். கழகம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காதலுக்கு எண் கிடையாது.

பெண் வீட்டுக் கூடத்தில் அறுபது பேர். வாடகைக்கு எடுத்த ஏர்கோன் ஓடியதால் ஜன்னல்கள் எல்லாம் அடைப்பு. தட்டு மாற்றப் போகும் நேரத்தில் தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம். பதினோராவது பொருத்தம்."

நான் பெண்ணின் விரலில் கருவியை மாட்டினேன். 84.

பெண்ணின் அம்மா வாணி 'ஐயோ' என்று உட்கார்ந்துவிட்டார். "எம்பத்தி நாலா? நாளைக்கி மாடிப்படி ஏறுனா யார் தூக்கறது?" என்றார் தலைவர். "எழுதிக்க ராமையா. பொருத்தமில்ல."

"பெரியப்பா, அது மருதாணி" என்றாள் தேவிஸ்ரீ. பத்து விரலையும் நீட்டினாள். ஒவ்வொன்றின் நுனியிலும் கன்னங்கரேலென்று தொப்பி. "கறுப்பு மருதாணி. மிஷின் லைட்டு உள்ள போவல. எங்க ஃபேக்டரில தராசு சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் எட போடுவோம். வேணும்னா கால் வெரல்ல வச்சிப் பாருங்க."

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் காலைப் பிடிப்பதா? விதியில் இடமில்லை என்று நான் தெரிவித்தேன்.

"பெரியப்பா, நான் வந்து..." என்று எழுந்தான் யுவனேஸ்வரன்.

"நீ பேசாத. ஆக்ஸிஜன் வேஸ்டு."

சம்பந்தம் முறிந்ததை முறைப்படி அறிவிக்கத் தலைவர் எழுந்தார். வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. உதடு நீலமானது. நாற்காலியில் சரிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் அலறியது. நான் மட்டும் அறிவியல் வழி நின்றேன். அவர் விரலில் கருவியை மாட்டினேன். 99.

"யாரும் பதற வேண்டாம்! தலைவர் உத்தமமாக இருக்கிறார்!" என்று அறிவித்தேன். தலைவர் என்னை நோக்கிக் கையை வேகமாக ஆட்டினார். கைதட்டச் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டினேன். இரண்டு மூன்று பேர் கூடவே தட்டினார்கள்.

"அலாமாக்! அங்கிள், மிஷின பாக்காதீங்கலா, ஆள பாருங்க!" என்று கத்தினாள் தேவிஸ்ரீ. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். யுவனேஸ்வரன் பெரியப்பாவைத் தூக்கிக் காரில் போட்டான். பொருத்தமில்லாத பெண் அந்தக் காரை ஆஸ்பத்திரிக்குப் பறக்கவிட்டாள். பின் இருக்கையில் நான் தலைவரின் விரலை விடவே இல்லை. வழி நெடுக 99.

"சிகரெட் புகையில இருக்கிற வாயு ரத்தத்துல ஒட்டிக்கும். இந்தக் கருவி அதையும் ஆக்ஸிஜன்னே எண்ணும்" என்றார் டாக்டர். டாக்டர் எங்கள் கழக உறுப்பினர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றும் சொன்னார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில், கட்டிலருகே தட்டு மாற்றினார்கள். தலைவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "பொண்ணு... பொருத்தந்தான்" என்றார். நர்ஸ் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

எனக்கும் கண் கலங்கியது. பெண்ணின் பாரத்தை, அதாவது படிவத்தை, திருத்தி 'உத்தமம்' என்று எழுதக் கோப்பைத் திறந்தேன். தேவிஸ்ரீ அதை வாங்கிப் புரட்டினாள். இரண்டு வருடம், பத்தொன்பது பெண்கள். ஆறு பேருக்கு 'பொருத்தமில்லை'.

"இவங்களும் மருதாணி போட்டிருந்தாங்களா அங்கிள்?"

பெண் பார்க்கும் நாளில் யார்தான் போடமாட்டார்கள்?

"சரி, மாப்பிள்ளைங்க நம்பர் எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஏன், தாள்ல எடம் பத்தலயா?"

பாரத்தைத் தயாரித்தவன் நான். பெண்ணின் உயரம், நிறம், மூச்சு என்று மூன்று கட்டம் போட்ட பிறகும் அரைப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதில் தலைவர் படத்தைப் போட்டேன்.