டிபன் கேரியரில் டாக்கோ

எனக்குக் கோபம் வந்தால், எதிரில் இருப்பவர் சொல்வது சரி என்று அர்த்தம். இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி சித்ரா. அவள் அதைச் சொன்னபோதும் எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சித்ராவின் அண்ணா ரகு அமெரிக்காவில், டெக்ஸாஸில் இருந்தார். தங்கையை அங்கேயே ஒரு எஞ்சினியருக்குக் கொடுக்க நினைத்தவர். அவள் மயிலாப்பூரில், பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த ஒரு பாங்க் குமாஸ்தாவுக்கு (அடியேன்தான்) வாழ்க்கைப்பட்டதில் அவருக்கு ஏகத்துக்கும் வருத்தம். லீவு கிடைக்கவில்லை என்று கல்யாணத்துக்கே வரவில்லை. தன் சார்பில் ஒரு நாலடுக்கு எவர்சில்வர் கேரியர் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மூடியில் 'அன்புடன் ரகு' என்று வெட்டியிருக்கும். அவர் முதல் முறையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது.

"அண்ணா உங்களைப் பார்க்கப்போறது இதான் முதல் தடவை. இந்த ஒரு நாளைக்காவது கோவப்படாம இருங்கோ. வேற ஒண்ணும் நான் கேக்கலை" என்றாள் சித்ரா.

"நான் எப்போ கோவப்பட்டேன்?" என்று கத்தினேன்.

ரகு அங்கே வாராவாரம் டாக்கோ என்கிற மெக்சிகன் பலகாரம் சாப்பிடுவார் என்று போனில் சொல்லியிருந்தார். அடையாறில் ஒரு மெக்சிகன் ஓட்டல் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மெட்ராஸில் கிடைக்காதது எதுவும் இல்லை என்று அந்த மனிதருக்குக் காட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். (டாக்கோவை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதனால் என்ன?) பார்சல் வாங்கப் பாத்திரம் கொண்டுபோவதுதானே குடும்பஸ்தனுக்கு அழகு. ரகு கொடுத்த கேரியரையே ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஓட்டலில் பட்டப்பகலிலேயே இருட்டு. மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தொப்பியோடு சர்வர் வந்தார். கேரியரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா சார் இது?"

"பார்சல். பன்னிரண்டு டாக்கோ. சுத்த சைவம்."

"அட்டைப் பொட்டில தனித்தனியா கட்டித் தர்றோம் சார். வூட்டுக்குப் போய் ரொப்பிக்கோங்க. இதுக்குள்ள போவாது, ஒடஞ்சிடும்."

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஆகவே எனக்குக் கோபம் வந்தது.

"அட்டைப்பெட்டியில வாங்கிண்டு போக இதென்ன செருப்பா?" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். மடித்த தோசை மாதிரி இருந்த சோள ஓடுகள் வந்தன. கேரியருக்குள் போகவில்லை. உலகத்தில் அப்பளத்தை முழுசாக விழுங்குகிறவன் உண்டா? வாயில் உடையப் போவது கையில் உடைந்தால் என்ன? பன்னிரண்டையும் உள்ளங்கையால் அமுக்கி நொறுக்கி, அடி அடுக்கில் அடைத்தேன். சர்வர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அந்த மரியாதை எனக்கில்லை, ஓடுகளுக்கு என்பது இப்போது புரிகிறது.

மேல் அடுக்குகளில் ராஜ்மா, சீஸ், சல்சா என்கிற தக்காளிச் சட்னி. சல்சாவை, சாம்பார் கேட்கிற தோரணையில், இன்னும் ரெண்டு கரண்டி விடச் சொன்னேன். அடையாறு பாலம் தாண்டி மயிலாப்பூர் வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தளும்பி, கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டில் ரகு சாப்பாட்டு மேஜை முன்னால் காத்திருந்தார். நான் பெருமையோடு அடுக்குகளைப் பிரித்தேன். அடி அடுக்கில், சிவப்புத் தண்ணீரில் ஊறிய அட்டை மாதிரி ஏதோ இருந்தது.

ரகு எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பரவாயில்லை மாப்பிள்ளை. இதை உடைக்கக் கூடாது. முழுசாக் கையில பிடிச்சு, உள்ள ராஜ்மாவை வச்சுச் சாப்பிடணும்."

மறுபடியும் சரி.

"எனக்குச் சாப்பிடக் கத்துக் குடுக்க வேண்டாம்" என்று கத்தினேன். "எங்க கல்யாணத்துக்குக் கேரியர்தான் வந்தது. நீங்க வரலை."

சொன்ன மறுநிமிடமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு நாள். அதையும் என்னால் கொடுக்க முடியவில்லை.

சித்ரா கரண்டியை எடுத்து, ஊறிய டாக்கோவை அண்ணா தட்டில் போட்டாள். "இவர் கத்தினது தப்பு. சொன்னது தப்பில்லைண்ணா. கல்யாணத்தன்னிக்கு ஊஞ்சல்ல உக்காந்துண்டு நான் வாசலையேதான் பார்த்துண்டிருந்தேன்."

ரகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"லீவு கிடைச்சுது சித்ரா. கோவத்துலதான் வரலை" என்றார்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே, இன்னொரு கரண்டி அவருக்கும், இரண்டு கரண்டி எனக்கும் போட்டாள். எங்கள் இரண்டு பேரையும் கேரியர் காலியாகும்வரை எழுந்திருக்க விடவில்லை. தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு தின்று தீர்த்தோம்.

இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், "அப்பா, கேரியரை எடுக்கட்டுமா?" என்பாள் என் மகள். ரகு வரும்போதெல்லாம் டெக்ஸாஸிலிருந்து ஒரு பெட்டி ஓடு கொண்டுவருவார். வேட்டிகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி, ஒன்றுகூட உடையாமல் எடுத்து மேஜையில் அடுக்கி, என்னைப் பார்த்துச் சிரிப்பார். இருபது வருஷமாக இந்த அவமானம்.

போன மாதம் வந்தவர் பெட்டியைத் திறந்தார். விமானத்தில் என்ன பாடு படுத்தினார்களோ, எல்லாம் தூள்.

"பரவாயில்லை" என்றேன். "இதை உடைக்கக் கூடாது."

ரகுவுக்கு வந்ததே கோபம். விமானக்காரர்களில் ஆரம்பித்து என்னில் வந்து முடித்தார். சித்ரா பரணிலிருந்து கேரியரை இறக்கினாள்.