காற்று விஷயமாக மச்சானுக்கு

வெள்ளிக்கிழமை, மாலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நலம், தங்கள் தங்கையும் நலம், தனித்தனியாக. அங்கு தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஒன்றாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. எப்படி இருந்தாலும் உட்கார்ந்தே படியுங்கள், கடிதம் கொஞ்சம் நீளம்.

புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. டீ வருகிறது, பேச்சு வரவில்லை. சட்டை தேய்த்து வைக்கப்படுகிறது, எந்தச் சட்டை என்று கேட்டால் பதில் கிடையாது. இதற்குக் காரணம் நான்தான் என்று அவள் உங்களிடம் போனில் சொல்லியிருப்பாள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மூல காரணம் நீங்கள் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். தங்கைக்கு ஐம்பது வயது ஆனால் மற்ற அண்ணன்மார் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பார்கள். நீங்கள் ஒருநாள் கடல் பயிற்சிக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த ஒருநாள் இப்போது ஆறாவது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்த விண்ட்சர்ஃபிங் என்ன என்று உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. ஒரு பலகை, அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். பலகைமேல் நின்று பாயைப் பிடித்துக்கொண்டு காற்று இழுக்கிற இழுப்பில் கடலில் போக வேண்டும். போய்விட்டுத் திரும்பியும் வர வேண்டும், அதுதான் கஷ்டம். இதில் ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கென்று ஒரு பந்தயப் பிரிவு வைத்திருக்கிறார்கள். முதலாவதாக வருகிறவரை கிளப் செலவில் தேசியப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம். அஞ்சு வருஷமாக அந்த இடம் நம்ம தெருமுனைப் பல் டாக்டர் அம்மாவுக்கு, ரெண்டாவது இடம் உங்க தங்கச்சிக்கு. ரெண்டாவதாக வந்தால் ஒரு துண்டு தருவார்கள். வீட்டில் அப்படி அஞ்சு துண்டு மடித்து வைத்திருக்கிறது. நான் ஒருநாள் அவசரத்துக்கு ஒன்றை எடுத்து முகம் துடைத்தேன். "அதுல துடைக்காதீங்க, பாத்தா எனக்கு எரியுது"ன்னு சொன்னா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த வருஷம் சாமான் வாங்க நானும் கூடப் போகிறதென்று.

போனேன். மச்சான், முப்பது வருஷம் தார்ப்பாய் வியாபாரம் பண்ணுகிறேன், அப்படி ஒரு கடையை நான் பார்த்ததில்லை. நம்ம தொழிலில் எடை கூடினால் விலை கூடும். அங்கே எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. கடைக்காரர் ரெண்டு கம்பத்தைக் காட்டினார், பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். "இது எழுபது சதவீதம் கார்பன் சார், ரெண்டு கிலோவுக்கு மேல வரும். இது நூறு சதவீதம், முந்நூறு கிராம் கம்மி." எவ்வளவு என்றேன். சொன்னார். "அதாவது, இல்லாத முந்நூறு கிராமுக்கு நான் இவ்வளவு குடுக்கணும்." "ஆமா சார்." "முழுசா இல்லாத கம்பம் ஒண்ணு வாங்கினா எவ்வளவு ஆகும்?" உங்கள் தங்கை என் விலாவில் இடித்தாள். அப்புறம் அவர் அவளிடம் எடை எவ்வளவு என்று கேட்டார், ஆள் எடையைப் பொறுத்துத்தான் பாய் அளவாம். இருபத்தெட்டு வருஷமாக எனக்குச் சொல்லாத எடையை, முன்பின் தெரியாத ஒரு மனுஷனிடம் கிராம் சுத்தமாகச் சொன்னாள். ஐம்பத்தாறு கிலோ முந்நூற்றைம்பது. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் நான் போனது வீண் இல்லை. புதுப் பாய் என்று ஒன்றை விரித்தார். ஓரமாகக் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தேன், தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஊசித் துளை. பிரித்துத் தைத்த சரக்கு. "தம்பி, இதுக்கு முன்னாடி இது யாரோட பாய்?"னு கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். கடைசியில் ஒரு பலகை, எட்டரை சதுர மீட்டரில் பெரிய பாய் ஒன்று, ஆறரையில் சின்னப் பாய் ஒன்று, பலகைக்கு அடியில் மாட்டுகிற மீன்துடுப்பு மாதிரியான ஃபின் ரெண்டு, அந்த நூறு சதவீதக் கம்பம், எல்லாம் வாங்கினோம். திரும்பி வரும்போது வண்டியில் அவளே சொன்னாள், "நீங்க கூட வந்தது நல்லதாப் போச்சு." மச்சான், கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. ஒரு தடவை உதவின கை சும்மா இருக்குமா?

விதிமுறை என்னவென்றால், ரெண்டு பாய் வைத்திருக்கலாம், ஆனால் சனி, ஞாயிறு ரெண்டு நாள் பந்தயத்துக்கும் ஒரே பாய்தான். அதை முந்தின புதன்கிழமை மதியத்துக்குள் பதிந்துவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. காற்று கம்மியாக இருக்கும் என்றால் பெரிய பாய். பலமாக இருக்கும் என்றால் சின்னது. தப்பாக எடுத்தால் தீர்ந்தது. பலத்த காற்றில் பெரிய பாய் வைத்திருந்தால் அது ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். காற்றில்லாதபோது சின்னப் பாய் வைத்திருந்தால் நடுக்கடலில் நட்டு வைத்த மாதிரி நிற்க வேண்டியதுதான். உங்கள் தங்கை கணிப்பு, பலத்த காற்று வரும், சின்னப் பாய் போதும் என்பது. நானும் அதைத்தான் நினைத்தேன், தார்ப்பாய் வியாபாரிக்குக் காற்று தெரியாதா. ஆனால் நாம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? எதிராளியும் சரியாக இருந்தால் மறுபடி ஒரு துண்டுதானே வரும்? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. சரக்கு விலை இறங்கப் போகிறது என்று நாலு பேர் காதில் போட்டால், எதிர்க்கடைக்காரன் இருப்பதை அவசரமாகத் தள்ளிவிடுவான்.

ஆகவே திங்கட்கிழமை பல் வலி என்று சொல்லி டாக்டர் அம்மாவிடம் போனேன். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே விஷயத்தை இறக்கி வைத்தேன்.

"என்ன சார், சீசன்ல கடையை விட்டுட்டு?"

"சீசனா, எங்கம்மா சீசன். இந்த மாசம் காத்தே கிடையாதுங்கறாங்க. நானே ஆர்டரைப் பாதியாக் குறைச்சுட்டேன்."

"அப்படியா," என்றார். "எந்தப் பல்லு?"

எந்தப் பல் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கைக்கு வந்த பக்கம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அதற்குப் பின்னால் இருந்த ஒன்று உள்ளுக்குள் சொத்தை என்று சொல்லி, எடுத்தே விட்டார். வலியே இல்லாத பல் போய், பல் இல்லாத இடத்தில் வலியோடு வீடு வந்தேன். ஆனாலும் காரியம் முடிந்தது என்று சந்தோஷம்.

முடிந்தது எங்கே. டாக்டர் அம்மா நாற்காலியில் ஊரில் பாதி பேர் வாயைத் திறக்கிறார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிளப் முழுக்க இதே பேச்சு. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அம்மா ஒருவர் அந்தப் பிரிவில் இருக்கிறார், ஒவ்வொரு வருஷமும் கடைசி, ஆனாலும் சிரித்த முகம். அவர் நேராக என் கடைக்கே வந்து, "காத்து வராதாமே, நிஜமா? நீங்க சொன்னா எடுத்துக்கறேன்"னு கேட்டார். மச்சான், அந்த முகத்தைப் பார்த்து நான் "நிஜந்தான்" என்றேன். அன்றைக்கே என்னிடம் சரக்கு எடுக்கிற சில்லறைக் கடைக்காரர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. மொத்த வியாபாரியே ஆர்டரைக் குறைத்துவிட்டார், நமக்கெதற்கு என்று தார்ப்பாயை வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். கிடங்கில் இடமில்லாமல் வாசலில் அடுக்கியிருக்கிறேன். ஞாயிறு வரைக்கும் கடையை விட்டு நகர முடியாது. பந்தயத்துக்குக்கூடப் போக முடியாது.

இதெல்லாம்கூடத் தாங்குவேன். புதன்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டி வரக் கிளப்புக்குப் போனேன். எங்கள் பாய்களை மாட்டுகிற தாங்கியில் பெரிய பாய் தொங்குகிறது, அதன் மூலையில் கிளப் முத்திரை. பதிந்தாகிவிட்டது. நான் கிளப்பிவிட்ட புரளி ஊரைச் சுற்றி என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வண்டியில் ஏறினதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அது பொய்ம்மா, நான்தான் சொன்னேன், அந்தம்மா தப்பான பாயை எடுக்கட்டும்னு." அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "என்னால தானா ஜெயிக்க முடியாதுன்னு முடிவே பண்ணிட்டீங்க, இல்ல?" என்றாள். அதுதான் கடைசி.

இப்போது கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தகரக் கூரை தடதடக்கிறது, வாசலில் அடுக்கின தார்ப்பாய் எல்லாம் படபடக்கிறது. காற்று வந்தே விட்டது. நாளைக்கு ஐம்பத்தாறு கிலோ முந்நூற்றைம்பது கிராம் மனுஷி எட்டரை சதுர மீட்டர் பாயைப் பிடித்துக்கொண்டு இந்தக் காற்றில் போகப் போகிறாள். இடம் போனால் போகட்டும், ஆள் திரும்பி வந்தால் போதும் என்று இருக்கிறது. ஆகவே மச்சான், தாங்கள் ஒரு நடை வர வேண்டும். நான் திருந்திவிட்டேன் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். இனிமேல் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை வாயால் சொல்ல மாட்டேன், நல்லதோ கெட்டதோ. அவள் பந்தயத்தில் தலையிடவே மாட்டேன். சத்தியம் என்றால் சத்தியம்.

அங்கே என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி, சம வயதுக்காரர்களுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன்

இதைத் தபாலில் சேர்க்க உங்கள் தங்கையின் பந்தயப் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். கிளப் வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பி.கு.

அண்ணா, நான்தான். பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லதான், ஆனா இவர் உறையை ஒட்டவே இல்ல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதிப் போட்டுடறேன்.

திங்கக்கிழமையே டாக்டர் எனக்குப் போன் பண்ணிட்டா. "உன் வீட்டுக்காரர் வந்துட்டுப் போறார். எந்தப் பல்லு வலிக்குதுன்னே அவருக்குத் தெரியல. காத்தைப் பத்தி மட்டும் தெளிவாப் பேசினார்"னு சிரிச்சா. அதனால ரெண்டு பேரும் சின்னப் பாயைத்தான் பதிஞ்சோம். இவர் பாத்த முத்திரை அளவு பாத்ததுக்குப் போடறது, ரெண்டு பாய்லயும் இருக்கு. எதை எடுக்கறோம்ங்கறது அலுவலகத்து நோட்டுல இருக்கும். சின்னது பைக்குள்ள இருந்தது, அவர் கேக்கல, நானும் சொல்லல. அவர் பண்ணின காரியத்துக்குச் சொல்லணும்னு தோணல.

வெள்ளிக்கிழமை அடிச்ச காத்து வெள்ளிக்கிழமையோட போயிடுச்சு. ரெண்டு நாளும் ஒரு இலை அசையல. நானும் டாக்டரும் நடுக்கடல்ல பக்கத்துப் பக்கத்துல நின்னு ஊர்க்கதை பேசிட்டிருந்தோம். போஸ்ட்மாஸ்டர் அம்மா இவர் சொன்னதை அப்படியே நம்பி, கிளப்ல இருக்கிறதுலயே பெரிய பாயை எடுத்திருந்தாங்க. எங்களைத் தாண்டிப் போகும்போது கையாட்டிட்டுப் போனாங்க. இடம் அவங்களுக்கு. நான் ஏழாவது, டாக்டர் எட்டாவது. அவளை நான் முந்தினது இதுதான் முதல் தடவை.

சத்தியத்தையெல்லாம் நம்பிக் கிளம்பி வந்துடாதீங்க. சாயங்காலம் கடைப்பக்கம் வந்தா, சில்லறைக் கடைக்காரங்க அஞ்சு பேர் சுத்தி நிக்கறாங்க, "அடுத்த மாசம் எப்படிங்க இருக்கும்?"னு கேக்கறாங்க, இவர் கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லிட்டிருக்கார். அதோட, காத்து இல்ல, நான் எடுத்தது பெரிய பாய், அப்ப ஜெயிச்சிருப்பேன்னு அவரே முடிவு பண்ணி, கடை முகப்புல இருபதடித் தார்ப்பாய்ல என் படத்தையும் பேரையும் போட்டு வாழ்த்து எழுதிக் கட்டியிருக்கார். தெருவே நின்னு படிக்குது. அதை இறக்கச் சொல்லணும்னா நான் பேசியாகணும். பேசறதா, இல்ல அடுத்த வருஷம் நான் ஜெயிக்கிறவரைக்கும் அது அங்கேயே தொங்கட்டுமான்னு யோசிச்சிட்டிருக்கேன்.