வெள்ளையன் வாங்கிய பணி நீட்டிப்பு

ஒரு காட்டில், உண்ணி ஒன்று புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டி, கை காட்டி பஸ்ஸை நிறுத்துகிறவனைப்போல நின்றுகொண்டிருந்தது. தேன் எடுக்க வந்த மாசிலாமணி என்ற மனிதனின் முழங்கால் உரசியதும் ஏறிக்கொண்டு கடித்தது. அதன் எச்சிலோடு ஒரு கிருமியும் அவன் ரத்தத்தில் இறங்கியது.

ரத்தத்தில் காவல் வேலை வெள்ளையன் என்ற வெள்ளை அணுவுக்கு. வெளியாள் எவன் வந்தாலும் முழுசாக விழுங்கி, வயிற்றுக்குள் அமிலம் விட்டுக் கரைப்பதுதான் அந்த இலாகாவின் வழக்கம். விசாரணை, வாய்தா எதுவும் கிடையாது. ஆனால் பாவம், அந்த வேலையில் ஆயுசு கம்மி. அன்று சாயங்காலம் வெள்ளையனுக்கு ஓய்வு. அங்கே ஓய்வு என்றால் சாவுதான். மாலை போடக்கூட ஆள் வராது. காலையிலிருந்தே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

கிருமி ஓடவில்லை. நேரே வந்து கும்பிட்டது.

"ஐயா, என்னை முழுங்கிடுங்க."

"ஏண்டா, உனக்குப் பயமே இல்லையா?" என்றான் வெள்ளையன்.

"உங்க கடமையை நீங்க செய்யணும்ல? அமிலத்தை மட்டும் நிறுத்தி வையுங்க. பதிலுக்கு உங்க ரிட்டயர்மென்ட்டைத் தள்ளி வைக்கிறேன். ஆர்டரைக் கையோட கொண்டாந்திருக்கேன்."

ஆர்டரில் அடியில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் அந்த இலாகாவில் யாருக்கும் இல்லை. வெள்ளையன் கையெழுத்துப் போட்டான், விழுங்கினான்.

சாயங்காலம் வந்து போனது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளையன் மட்டும் ஜம்மென்று ரோந்து சுற்றினான். வயிற்றுக்குள் கிருமி குட்டி போட்டு, குட்டிகளும் குட்டி போட்டு, முசுக்கட்டைப் பழம்போலக் கொத்தாகத் திரண்டன.

மாசிலாமணிக்குக் காய்ச்சல் கொதித்தது. தலைமையிடத்திலிருந்து அவசர உத்தரவு வந்தது: 'மூத்த காவலர் வெள்ளையன் தலைமையில் கிருமியைத் தேடிப் பிடிக்கவும்.'

வெள்ளையனுக்கு உண்மையிலேயே மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் மாசிலாமணி பிழைப்பான். சொன்னவனுக்கு இன்றைக்கே ஓய்வு.

"என்னங்கய்யா யோசனை?" என்றது வயிற்றுக்குள்ளிருந்து கிருமி.

"ஒண்ணுமில்ல, நீ தூங்கு."

கல்லீரலில் தேடினான். மண்ணீரலில் தேடினான். மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்த்தான். பிறகு அறிக்கை எழுதினான்: 'உடல் முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. கிருமி அகப்படவில்லை. தேடுதலைத் தொடர எனக்கு மேலும் ஆறு நாள் நீட்டிப்பு வேண்டும்.'

அவன் உழைப்பைப் பாராட்டி, மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் மாசிலாமணியின் மூச்சு நின்றது. வெள்ளையனின் சர்வீஸில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

நீதி: திருடனைப் பிடித்துவிட்டால் காவலனுக்கு வேலை போய்விடும், வீடே போய்விட்டால் காவலனைக் குறை சொல்ல ஆள் இருக்காது.